ஹனோவருக்குப் போன காஸர்ட்

என் பெயரைக் கேட்டுவிட்டு யாரும் சும்மா போனதில்லை. "என்னது, காஸர்ட்டா? வெள்ளைக்காரப் பேராச்சே!" என்பார்கள். நான் தலையைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டு, "ஆமா, ஜெயசீலன் காஸர்ட். எங்க பூட்டன் காலத்துல இருந்து வருது" என்பேன். பாளையங்கோட்டையில் இதைச் சொல்லிச் சொல்லி அறுபது வயதாகிவிட்டது, இன்னும் அலுக்கவில்லை. மின்வாரியத்தில் இருந்த காலத்தில் என்னைவிட என் மேசைமேல் இருந்த பெயர்ப்பலகைக்குத்தான் மரியாதை அதிகம்.

அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் போன நவம்பரில் ஜெர்மனிக்குப் போனேன். ஊருக்குச் சொன்ன காரணம் மகள் கல்யாணம். அதுவும் பொய்யில்லை. கிரேஸ் ஆறு வருஷமாக ஹனோவரில் என்ஜினீயர். அங்கேயே பிறந்து வளர்ந்த ரஜீவன் என்ற யாழ்ப்பாணத்துப் பையனைப் பிடித்துப்போய், எங்களுக்கும் பிடித்துப்போய், அடுத்த வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகத்தில் கல்யாணம், சனிக்கிழமை மண்டபத்தில் தாலியும் மோதிரமும். என் மனைவி ரூபியும் உறவுக்காரர்களும் புதன்கிழமை வந்து இறங்குவதாக ஏற்பாடு. நான் மட்டும் எட்டு நாள் முந்திக்கொண்டேன்.

காரணம் இதுதான். எனக்கு ஒரே பெண். என் தம்பிக்குப் பிள்ளையில்லை. கிரேஸின் பாஸ்போர்ட்டிலோ காஸர்ட் என்ற சொல்லே கிடையாது. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் 'ஜெயசீலன்' என்று என் பெயர் உட்கார்ந்திருக்கிறது. ஜெர்மனியில் கல்யாணம் ஆகிறவர்கள் இருவர் பெயரில் ஒன்றைப் பொதுவாக எடுத்துக்கொண்டால் அதுதான் பிள்ளைகளுக்கும் போகுமாம். மகளின் பெயரைக் காஸர்ட் என்று திருத்தி, மருமகனையும் அதை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. தவறவிட்டால் பூட்டன் வைத்த பெயர் என்னோடு கல்லறைக்குள் போய்விடும்.

பெட்டியில் இரண்டு கிலோ அல்வா. அல்வாவுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் நோட்டரி கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம், என் சான்றிதழ்கள், எங்கள் பூட்டன் ஞானஸ்நானம் பெற்ற பதிவேட்டின் நகல்.

சுங்கத்தில் ஓர் இளைஞர் அல்வாவை விரலால் அழுத்தினார். அது அமுங்கி மறுபடி எழும்பியது. அவர் இன்னொருவரைக் கூப்பிட்டு அவரையும் அழுத்தச் சொன்னார். "இனிப்பு. கோதுமை, சர்க்கரை" என்றேன். நெய்யைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. இருவரும் கலந்து பேசிவிட்டு, வீணாய்ப்போன ரப்பர் என்று முடிவு செய்தார்களோ என்னவோ, போகச் சொல்லிவிட்டார்கள்.

முதல் சண்டை வாசலிலேயே வந்தது. அந்த ஊரில் வீட்டு எண் மட்டும் இருந்தால் போதாது, அழைப்புமணிக்குப் பக்கத்தில் பெயர் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் தபாலும் வராது, விருந்தாளியும் வரமுடியாது. கீழ்வீட்டு மணிக்கு 'பிராண்ட்' என்று போட்டிருந்தது. அதற்கு மேலே 'ஜெயசீலன்.'

"ஏட்டி, என் பேரை எதுக்கு இங்க ஒட்டி வச்சிருக்க?"

"அது உங்க பேரு இல்லப்பா, என் பேரு. ஆபீஸ்ல, பேங்க்ல, டாக்டர்கிட்ட எல்லாம் நான் ஃப்ராவ் ஜெயசீலன்தான்."

என் பெயருக்கு முன்னால் 'திருமதி' மாதிரி ஒன்றைச் சேர்த்துக் கூப்பிடுகிறார்கள் என்றதும் எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. "அதைத் திருத்தத்தானே வந்திருக்கேன்" என்றேன். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறிவிட்டாள்.

அடுத்த நாள் ஊர் பார்த்தேன். ரொட்டிக்கடையில் மட்டும் ஒருமணி நேரம் நின்றேன். எள் ஒட்டியது, கசகசா ஒட்டியது, பூசணி விதை ஒட்டியது என்று முப்பது வகை ரொட்டி, தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. அந்த ஊரில் டெர்மீன் என்று ஒரு சொல் இருக்கிறது. முன்கூட்டியே வாங்கிய நேரம் என்று பொருள். பல் பிடுங்க டெர்மீன், முடிவெட்ட டெர்மீன். நம் ஊரில் சலூன் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தே பாதி நாள் போகும், முடி வெட்டினால் அது உபரி. இங்கே பத்து இருபது என்றால் பத்து இருபதுக்குக் கத்தரி காதருகில் இருக்கிறது.

பதிவு அலுவலகத்துக்கும் வியாழக்கிழமை டெர்மீன். மேசைக்குப் பின்னால் குட்டையாக முடி வெட்டிய ஓர் அம்மாள். நான் உறையைத் திறந்து காகிதங்களை ஒவ்வொன்றாக அடுக்கினேன். அவர் எதையும் தொடவில்லை. கிரேஸின் பாஸ்போர்ட்டை மட்டும் தொட்டுக் காட்டிப் பேசினார். கிரேஸ் மொழிபெயர்த்தாள்.

"பாஸ்போர்ட்ல என்ன இருக்கோ அதுதான் பேராம். மாத்தணும்னா முதல்ல பாஸ்போர்ட், அப்புறம் விசா, அப்புறம் எல்லா சர்டிபிகேட்டும், அப்புறம் புது டெர்மீன். வெள்ளிக்கிழமை கல்யாணம் நடக்காது. எப்படியும் வசந்த காலம் ஆயிடும்ங்கறாங்க."

"பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்த ஏஜென்ட் பண்ணின தப்புன்னு சொல்லு."

கிரேஸ் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு செல்போனை எடுத்து எதையோ தேடி என் முன்னால் நீட்டினாள். அவளுடைய முதல் பாஸ்போர்ட்டுக்கான விண்ணப்பம். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் பெரிய எழுத்துகளில் 'ஜெயசீலன்.' "இது யார் கையெழுத்துப்பா?" என்றாள்.

என்னுடையதுதான். 'ஜே' என்ற ஆங்கில எழுத்துக்குத் தொப்பி போடுவது பாளையங்கோட்டையிலேயே நான் ஒருத்தன்தான். பதினைந்து வருஷமாக அந்த ஏஜென்டை நான் திட்டாத திட்டு இல்லை. ஆனால் நம் ஆட்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், பிள்ளையின் பெயருக்கு அடுத்து ஒரு கட்டம் காலியாக இருந்தால் கை தானாக அப்பா பெயரைத்தான் எழுதும். பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கே என் பெயரின் முதல் எழுத்து அவள் பெயருக்கு முன்னால் ஏறி, ஜெ. கிரேஸ் ஆகிவிட்டாள். நாலு தலைமுறையாகக் குடும்பப் பெயர் வைத்திருந்தும் நானும் அதே தப்பைத்தான் செய்திருக்கிறேன்.

அந்த அம்மாள் காலண்டரைப் பார்த்தார். தேதியை விடுவதானால் செவ்வாய்க்கிழமைக்குள் சொல்ல வேண்டும், காத்திருக்கிற வேறு ஜோடிக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றார்.

வெளியே வந்ததும் கிரேஸ் வேகமாக முன்னால் நடந்தாள். டிராம் நிறுத்தத்தில், "மண்டபம், சாப்பாடு, எல்லாரோட டிக்கெட், எல்லாம் போகும். ஆனா உங்க மனசுக்கு எதிரா நான் கையெழுத்து போட மாட்டேன். நீங்களே முடிவெடுங்க. செவ்வாய்க்கிழமை எங்கிட்ட சொல்லுங்க" என்றாள். கத்தியிருந்தால்கூடப் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

அன்று சாயங்காலம் ரூபியிடம் போனில் சொன்னேன். "பேரைக் கட்டிக்கிட்டு அழுங்க. பிள்ள மூஞ்சியப் பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை சம்பந்தி வீடு. ரயிலில் ஒன்றரை மணிநேரம். என் கேடு அங்கேயும் காத்திருந்தது. அந்த நாட்டில் சில ரயில்கள் பாதி வழியில் இரண்டாகப் பிரிந்து, முன்பாதி ஓர் ஊருக்கும் பின்பாதி வேறோர் ஊருக்கும் போகும். கிரேஸ் சொல்லியிருந்தாள், நான்தான் காதில் வாங்கவில்லை. கழிப்பறையைத் தேடி நடந்து, அங்கே நாயோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்து, நாயின் வயது, அதன் மூட்டுவலி எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே மகள் இருக்கும் பாதி வேறு தண்டவாளத்தில் போய்க்கொண்டிருந்தது.

பதறிப்போனேன். என் போன் கிரேஸ் வீட்டு வைஃபையில் மட்டும்தான் பேசும், அந்த நாட்டு சிம் கிடையாது. டிக்கெட் பரிசோதகர் பெண் நல்ல மனுஷி. "உங்கள் மகளின் பெயர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "காஸர்ட். கிரேஸ் காஸர்ட்" என்றேன். அவர் மற்ற ரயிலுக்குத் தகவல் சொல்ல, அங்கே ஒலிபெருக்கியில் 'ஃப்ராவ் காஸர்ட், ஃப்ராவ் காஸர்ட்' என்று மூன்று தடவை அறிவித்தார்களாம். ஒருவரும் எழுந்து வரவில்லை.

அடுத்த நிலையத்தில் ஒரு பெஞ்சில் என்னை உட்கார வைத்தார்கள். ஒருமணி நேரம் கழித்து கிரேஸ் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "ஏம்ப்பா என் பேரைச் சொல்லல? மைக்ல கூப்பிட்டது நல்லாத்தான் கேட்டுச்சு. பாவம், யாரோ ஒரு அம்மாவைத் தேடுறாங்கன்னு நெனச்சிட்டு இருந்தேன். மூணாவது தடவைதான் பொறி தட்டுச்சு" என்றாள்.

யாரோ ஒரு அம்மா! நான் உயிரைக் கொடுத்துக் காப்பாற்ற வந்த பெயர் என் மகளுக்கு யாரோ. எனக்கு நிஜமாகவே வலித்தது. காட்டிக்கொள்ளாமல் அவள் வாங்கி வந்த உப்புத் தூவிய முறுக்கு ரொட்டியை மென்றேன்.

சம்பந்தி வீட்டில் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போட்டார்கள். இடியப்பம், சொதி, சம்பல், ஆட்டிறைச்சிக் கறி. எங்கள் ஊர்க் காரமே காரம் என்று இருந்தேன், அந்தக் கறியில் என் மூக்கு ஒழுகியது. "வடிவாச் சாப்பிடுங்கோ, இன்னும் கொஞ்சம் போடட்டே?" என்று சம்பந்தியம்மா நிற்கவே விடவில்லை. வயிறு முட்டிவிட்டது என்று சொன்னால், "பொய் சொல்லாதேங்கோ" என்று இன்னொரு கரண்டி.

சம்பந்தியின் பெயர் சிவராசா. கதவில் இருப்பது தம்பிமுத்து. அது அவருடைய அப்பாவின் பெயர். எப்படி என்று கேட்டேன். மனிதர் சிரித்தார்.

"அதையேன் கேக்கிறியள்! எனக்கு அப்ப இருபத்திரண்டு வயசு. கிழக்கு பெர்லின் ஷோனெஃபெல்ட் ஏர்போர்ட்டில வந்திறங்கி, மேற்குப் பக்கம் போய்ப் பதியேக்க ஒருத்தன் ஃபமிலியனாமே எண்டு கேட்டான். குடும்பப் பேராம். எங்களுக்கு எங்கால குடும்பப் பேர்? பக்கத்தில நிண்ட பெடியன் அப்பாவின்ர பேரைச் சொல்லு எண்டான், சொன்னன். நாலு மாசத்தால தம்பி வந்தான். அவனுக்கு ஆரும் சொல்லேல்ல. தன்ர பேரையே அந்தக் கட்டத்தில எழுதிப்போட்டான். இப்ப அவன்ர குடும்பம் நடராசா, நாங்கள் தம்பிமுத்து. ரெண்டு பேரும் ஒரு வயித்தில பிறந்தனாங்கள் எண்டு காட்ட நாங்கள் போட்ட அன்ட்ராக்கை அடுக்கினா இந்த மேசை காணாது."

அன்ட்ராக் என்றால் விண்ணப்பம் என்று ரஜீவன் எனக்கு விளக்கினான்.

"முதல்ல கரைச்சலாத்தான் இருந்தது. வேலை செய்யிற இடத்தில ஹெர் தம்பிமுத்து எண்டு கூப்பிட, அப்பா வந்து நிக்கிறாரோ எண்டு திரும்பிப் பாப்பன். அவர் செத்ததுக்கும் என்னால போக ஏலாமப் போச்சு. இப்ப அந்தப் பேர் இஞ்ச ஒவ்வொரு கடிதத்திலயும் வருது. பரவாயில்ல எண்டு நினைச்சுக்கொள்ளுவன்." அவர் தண்ணீர் குடித்துவிட்டு, "ஆனாப் பிள்ளையள் எந்தப் பேரை எடுத்தாலும் எனக்கு ஓம்தான். நீங்கள் யோசியாதேங்கோ" என்றார்.

அவர் அவ்வளவு பெரிய மனசோடு சொல்ல, நான் இன்னும் சின்னவனாகிப் போனேன். அந்த நேரம் பார்த்து சம்பந்தியம்மா, "காஸர்ட் எண்டால் என்ன கருத்து?" என்று கேட்டார்.

அறுபது வருஷத்தில் இதை யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. "கோட்டைக் காவலர்னு அர்த்தம். இங்கிலாந்துலயே ரொம்ப அபூர்வமான பேரு" என்றேன். பின்பாதி உண்மை. முன்பாதி அந்த நிமிஷம் வாயில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கீழ்வீட்டு ஃப்ராவ் பிராண்ட் எங்களை விருந்துக்கு அழைத்திருந்தார். கிரேஸின் வீட்டுக்காரம்மா அவர்தான். எழுபத்தைந்து வயது, தனி ஆள், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர். நவம்பரில் மார்ட்டின் என்ற புனிதரின் பண்டிகை வருகிறது, அதையொட்டி அந்த நாடே வாத்து சாப்பிடுகிறது. நம் ஊர் வாத்து இல்லை, நீண்ட கழுத்து வைத்த பெரிய வெள்ளை வாத்து. அதன் காலை முழுதாக அடுப்பில் வேகவைத்து, ஆப்பிளும் கிராம்பும் போட்டு வதக்கிய சிவப்பு முட்டைக்கோஸோடும், கொழுக்கட்டை மாதிரி உருட்டிய உருளைக்கிழங்கோடும் வைத்தார். உப்பும் இனிப்புமாக இருந்தது. நன்றாக இருந்தது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ரஜீவனும் வந்திருந்தான். பேச்சு பெயரில் வந்து நின்றது. நான் 'கோட்டைக் காவலர்' என்று மறுபடி ஆரம்பிக்க, ஃப்ராவ் பிராண்ட் கண்ணைச் சுருக்கி, "அப்படியா? எனக்குச் சந்தேகமாக இருக்கிறதே" என்று எழுந்து போனார். செங்கல் கனத்தில் ஒரு புத்தகத்தோடு வந்தார். ஆங்கிலக் குடும்பப் பெயர்களின் அகராதி. ஜெர்மன்காரர்களிடம் இப்படித்தான், சாப்பாட்டு மேசையில் ஒரு பொய் சொல்லிவிட்டு நிம்மதியாக எலும்பைக் கடிக்க முடியாது.

"இதோ" என்றார். ஆங்கிலத்தில் அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "பழைய ஆங்கிலத்தில் வாத்துக்கு ஒரு சொல், மேய்ப்பவனுக்கு ஒரு சொல். இரண்டும் சேர்ந்து, வாயில் தேய்ந்து, காஸர்ட். ஊராரின் வாத்துகளை ஓட்டிக்கொண்டுபோய் மேய்த்துக் கொண்டுவந்து விடுகிறவன். எங்களிடமும் இதே பொருளில் ஒரு குடும்பப் பெயர் இருக்கிறது, கென்ஸ்ஹிர்ட் என்று. இரண்டுமே மிகவும் அரிது."

என் தட்டில் அந்தக் கால் கிடந்தது.

"கோட்டைக் காவலர்!" என்று கிரேஸ் ஆரம்பித்தவள்தான், சிரிப்பில் முட்டைக்கோஸ் புரையேறி ரஜீவன் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. அவனும் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கத் தட்டினான். நான் பேசிய பெருமையென்ன, கடைசியில் நாங்கள் வாத்து மேய்க்கிறவர்களா! அறுவடை முடிந்த வயல்களில் கம்பும் கையுமாக நூற்றுக்கணக்கில் வாத்தை ஓட்டிக்கொண்டு வருவார்களே, எங்கள் வீட்டுப் பக்கம் வந்தால், "அங்கிட்டு ஓட்டுப்பா" என்று எத்தனை தடவை விரட்டியிருக்கிறேன்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "அது எங்க பூட்டனுக்குப் பேரைக் கொடுத்த வெள்ளைக்காரத் துரையோட முன்னோர். எங்களுக்கு அந்தப் பேரு வந்த கதை வேற" என்று சொல்லி மாடிக்குப் போய் உறையை எடுத்து வந்தேன். எங்கள் குடும்பக் கதை இது: பூட்டன் ஞானமுத்து ஒரு மலை எஸ்டேட்டில் இருந்தார், காஸர்ட் துரை மேல் பாய்ந்த சிறுத்தையைக் கம்பால் அடித்து விரட்டினார், துரை கண்கலங்கித் தன் பெயரையே அவருக்குக் கொடுத்தார். சின்ன வயதில் நான் இதைச் சிறுத்தையின் உறுமலோடு நடித்தே காட்டுவேன்.

பதிவேட்டு நகலை மேசைமேல் வைத்தேன். அந்தக் காலத்துச் சரிந்த கையெழுத்து. அதில் காஸர்ட் என்ற ஒரு சொல்லைத்தான் நான் கண்டுபிடித்திருந்தேன், அது போதும் என்று இருந்துவிட்டேன். "உங்களுக்குப் பழைய எழுத்து படிக்க வருமா?" என்றேன். ஃப்ராவ் பிராண்ட் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டார்.

"ஆண் பிள்ளை. இன்று இடப்பட்ட பெயர் ஞானமுத்து. வயது ஐந்து இருக்கலாம்" என்று நிதானமாக வாசித்தார். "பஞ்சத்தில் வந்தவன். மாட்டுவண்டிகளுக்குப் பின்னால் தனியாக நடந்து வந்தது கண்டு, காஸர்ட் என்பவர் கொண்டுவந்து ஒப்படைத்தார். தாய் பெயர் தெரியவில்லை. தகப்பன் பெயர்..."

நிறுத்தினார். காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"இங்கே ஒரு சொல் இருக்கிறது, ஆங்கிலம் இல்லை. 'தகப்பன் பெயர் என்ன என்று பலமுறை கேட்டும் பிள்ளை அப்பா என்றே சொல்கிறான்.' அப்பா. இது உங்கள் ஊரில் ஆண்களுக்கு வைக்கிற பெயரா?"

கிரேஸின் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. ரஜீவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். அந்த அம்மாள் எங்கள் மூவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "பெயர் இல்லை, மேடம். தகப்பனை நாங்கள் கூப்பிடுகிற சொல். அந்த வயதில் பிள்ளைக்கு அது மட்டும்தான் தெரியும்" என்றேன். மீதியை அவர் மெதுவாக வாசித்தார். தகப்பன் பெயர் கிடைக்காததால், கொண்டுவந்தவர் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதியிருக்கிறது என்று முடிகிறது. சிறுத்தையும் இல்லை, கம்பும் இல்லை, கண்கலங்கிய துரையும் இல்லை. ஒரு கட்டம் காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

ஃப்ராவ் பிராண்ட் என் கையின்மேல் தன் கையை வைத்து, இன்னும் கொஞ்சம் வாத்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை கிரேஸ் வேலைக்குப் போனதும் நான் ஊருக்கு நடுவில் இருக்கும் பெரிய ஏரியைச் சுற்றி நடந்தேன். குளிர் காதைப் பிடுங்கியது. தண்ணீர் ஓரத்தில் வாத்துகள் கூட்டமாகத் திரிந்தன, என்னைக் கண்டு ஒன்றுகூட நகரவில்லை. நல்லவேளை, கேலி செய்ய மகள் பக்கத்தில் இல்லை. அந்த ஐந்து வயதுப் பயலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். யார் யாரோ குனிந்து குனிந்து கேட்டிருப்பார்கள், உங்க அப்பா பேரு என்னலே, உங்க அப்பா பேரு என்னலே என்று. அவனுக்குத் தெரிந்த சரியான பதிலை அவன் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். அவர்களுக்குத்தான் அது போதவில்லை. எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அந்த ஊரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அது ஒரு வசதி.

செவ்வாய்க்கிழமை காலை கிரேஸ், ரஜீவன், நான் மூவரும் பதிவு அலுவலகத்தில் இருந்தோம். அதே மேசை, அதே அம்மாள். தேதியை விடுகிறீர்களா, வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். கிரேஸ் என்னைப் பார்த்தாள். ராத்திரி அவள் தூங்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"வெள்ளிக்கிழமையே நடக்கட்டும்" என்றேன்.

"அப்போ காஸர்ட்?"

"எங்கிட்ட இருக்கட்டும், நான் போற வரைக்கும். துரை நல்லவர்தான், பிள்ளையத் தெருவுல விடாம கூட்டிட்டு வந்தாரு. ஆனா நம்ம பூட்டனுக்கு அந்தப் பேரு எதுக்கு வந்துச்சு? அவரு அப்பா பேரு யாருக்கும் தெரியல, அதனால வந்துச்சு. உங்கிட்ட யாராச்சும் உங்க அப்பா பேரு என்னன்னு கேட்டா உனக்குச் சொல்லத் தெரியும்ல? அது போதும்மா."

மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் என்ன சொல்கிறார் என்று கேட்டார். கிரேஸ் ஜெர்மனில் ஆரம்பித்தாள். இரண்டு வாக்கியம் போவதற்குள் நின்றுவிட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு என் சட்டைத் தோளில் சாய்ந்துகொண்டாள். மீதியை ரஜீவன் சொன்னான். சொல்லிவிட்டு, ஆளுக்கு அவரவர் பெயரே இருக்கட்டும், அவள் ஜெயசீலன், நான் தம்பிமுத்து என்றும் சேர்த்துச் சொன்னானாம்.

அந்த அம்மாள் கணினியில் எதையோ தட்டிவிட்டு, கிரேஸை நோக்கி மேசைமேல் கை துடைக்கும் காகிதம் ஒன்றை நகர்த்தினார். தானும் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை பத்து மணி. தாமதிக்காதீர்கள்" என்றார்.

நாங்கள் எட்டரைக்கே போய்விட்டோம். கதவே திறக்கவில்லை.